ஒப்பு போடச் சொன்னாரு, போட்டேன்

நேற்று ராத்திரி ஒரு டெபொசிஷனை, அதாவது கூண்டில் சொன்ன சாட்சியத்தின் பதிவை, வாசித்துவிட்டு விடியும்வரை தூங்கவில்லை. மொத்தம் பதினோரு பக்கம். போன வாரம்தான் வக்காலத்து மாறி அந்தக் கட்டு என் கைக்கு வந்தது. பக்கத்து நிலம் வழியாக நடக்கும் பாதைக்கான வழக்கு. வாதி 71 வயது அம்மச்சி. வா.சா.1, அதாவது வாதி தரப்பு முதல் சாட்சி, அவர்தான். வேறு சாட்சி கிடையாது. குறுக்கு விசாரணை இரண்டாம் பக்கத்தைத் தாண்டுவதற்குள் வழக்கில் உயிர் இல்லை.

"என்னுடைய நிரூபண வாக்குமூலத்தை என் வழக்கறிஞர் தயார் செய்தார். அதை நான் படித்துப் பார்க்கவில்லை. கையெழுத்து போடச் சொன்னார், போட்டேன்." முதல் மூன்று வரி இதுதான். நேரில் கேட்டபோதும் அம்மச்சி ஒளிக்கவில்லை. "சாறு ஒப்பு போடச் சொன்னாரு மக்களே, போட்டேன். அவரு படிச்சவருல்லா?"

எதிர்த்தரப்பு வக்கீல் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர் அவருடைய வேலையைச் செய்திருக்கிறார். நம் தரப்பில் நின்றவர் செய்யவில்லை. அதுதான் வயிறு எரிகிறது.

2002 ஜூலை 1-க்கு முன்னால் வாதியைக் கூண்டில் ஏற்றி, அவர் வக்கீல் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு முதல் விசாரணை நடத்த வேண்டும். அதற்காகவாவது முந்தின நாள் கட்சிக்காரரைக் கூப்பிட்டுப் பேசியாக வேண்டும். சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 18 ரூல் 4 திருத்தப்பட்ட பிறகு முதல் விசாரணை எல்லாம் நிரூபண வாக்குமூலம் என்ற தாளில் முடிந்துவிடுகிறது. கோர்ட்டு நேரம் மிச்சமாகட்டும் என்று வந்த திருத்தம். நாம் என்ன செய்தோம்? வாதுரையை, அதாவது வழக்குப் போட்ட மனுவை, கம்ப்யூட்டரில் திறந்து, "வாதி" என்ற இடத்தில் எல்லாம் "நான்" என்று மாற்றி, அதையே நிரூபண வாக்குமூலம் என்று தாக்கல் செய்யப் பழகிவிட்டோம். இந்தக் கட்டில் அந்த மாற்றம்கூட ஒழுங்காக நடக்கவில்லை. நான்காம் பத்தியில் "நானாகிய அவருடைய தகப்பனார்" என்று இருக்கிறது. ஒரு தடவை வாய்விட்டு வாசித்திருந்தால் குமாஸ்தாவுக்கே கேட்டிருக்கும்.

எங்கள் பக்கம் எப்படிப்பட்டது என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். கன்னியாகுமரி மாவட்டம், களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், விளவங்கோடு தாலுகா. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திரு-கொச்சி என்று இருந்துவிட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்த மண். எந்தக் குடும்பத்துப் பெட்டியைத் திறந்தாலும் பழைய ஆதாரம், அதாவது கிரயப் பத்திரம், மலையாளத்தில் இருக்கும், தேதி கொல்லம் ஆண்டு என்ற மலையாள ஆண்டில் இருக்கும். அம்மச்சியின் தகப்பனார் அந்த விளையை (தோட்ட நிலத்தை) வாங்கியது 1118 மேட மாதம். அதாவது 1943 ஏப்ரல், மே வாக்கில். வாக்குமூலத்தில் "1943" என்று மட்டும் அடித்திருக்கிறார்கள். அம்மச்சி பிறப்பதற்கு முன் நடந்த கிரயம், அவர் வாழ்நாள் முழுக்கத் தகப்பன் வாயால் கேட்டது "ஆயிரத்து நூற்றிப் பதினெட்டு" என்பதைத்தான். கூண்டில் அதைத்தான் சொன்னார். "அப்படியானால் வாக்குமூலத்தில் சொன்ன 1943 தவறு?" என்று கேட்டதும் "ஆமா, தப்புதான்" என்றார். ஆதாரம் உண்மை, அம்மச்சி சொன்னது உண்மை, வாக்குமூலத்தில் இருப்பதும் உண்மை. மூன்று உண்மையும் சேர்ந்து ஒரு பொய்யாகப் பதிவாகிவிட்டது. "அம்மச்சி, உங்க அப்பா சொன்ன பதினெட்டும் இந்த நாப்பத்து மூணும் ஒரே வருஷம்தான்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நிமிஷம் ஆகுமா?

அளவும் அதே கதைதான். "சொத்து எவ்வளவு?" "பத்தரை செண்டு." "வாக்குமூலத்தில் 4.25 ஏர் என்று இருக்கிறதே?" "அது எனக்குத் தெரியாது." ஒரு செண்டு 40.47 சதுர மீட்டர், ஒரு ஏர் 100 சதுர மீட்டர். பத்தரை செண்டும் 4.25 ஏரும் ஒரே நிலம்தான். ரீசர்வே நம்பர் கேட்டபோது அம்மச்சி பழைய சர்வே நம்பரைச் சொன்னார். அதுவும் "முரண்" என்று சேர்ந்துகொண்டது.

இதெல்லாம் ஆதாரத்தைக் காட்டி வாதத்தில் சமாளித்துவிடலாம். அடுத்தது சமாளிக்க முடியாத அடி. வழக்கே வழிநடைப் பாத்தியம். பக்கத்து விளை வழியாக நடந்து ரோட்டுக்குப் போகும் மூன்றடிப் பாதை. ஈஸ்மெண்ட் சட்டம் 1882, பிரிவு 15 கேட்பது இதைத்தான்: 20 வருஷம் தடையில்லாமல், ஒளிவுமறைவில்லாமல், உரிமையாக நடந்திருக்க வேண்டும். ஒருவர் அனுமதி கொடுத்து நடந்தால் எத்தனை வருஷம் நடந்தாலும் அது பாத்தியம் ஆகாது. எதிர் வக்கீல் கேட்டது: "உங்கள் வீட்டாரும் பிரதிவாதி வீட்டாரும் அந்தக் காலத்தில் நல்ல உறவு, அவர்கள் சம்மதத்தோடுதான் நடந்தீர்கள், சரிதானே?"

அம்மச்சி "சரிதான்" என்றார்.

ஏன் சொன்னார்? நேற்று கேட்டேன். "பின்ன என்ன மக்களே, அவிய அப்பன் நல்ல மனுஷன். ஒரு நாளும் தடுத்ததில்ல. அத இல்லண்ணு சொன்னா பாவமில்லா?" தடுக்காமல் இருந்தார்கள் என்பது ஒன்று, கேட்டு அனுமதி வாங்கி நடந்தோம் என்பது வேறு. அம்மச்சி மனதில் இருந்தது முதலாவது, தாளில் ஏறியது இரண்டாவது. ஒருநாளாவது அவர்களிடம் கேட்டுவிட்டு நடந்தீர்களா என்றேன். "எதுக்குக் கேக்கணும்? நமக்க வழியில்லா?" என்றார். இந்த ஒரு வாக்கியம் கோர்ட்டில் விழுந்திருந்தால் போதும்! அதை அவரிடமிருந்து வாங்க எனக்குப் பத்து நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. நான்கு வருஷம் கட்டை வைத்திருந்தவருக்கு அந்தப் பத்து நிமிஷம் கிடைக்கவில்லை.

அன்றைக்கு அம்மச்சிக்குக் கிடைத்த தயாரிப்பு என்ன தெரியுமா? கோர்ட்டு வராந்தாவில், பத்தேகாலுக்கு, நின்றுகொண்டே: "கேட்டதுக்கு ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. கூடப் பேசாதீங்க." இதை நூறு பேர் நூறு கட்சிக்காரரிடம் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். ஒரே கேள்விக்குள் மூன்று விஷயத்தைக் கட்டிக் கேட்கும்போது ஆமா என்றால் மூன்றுக்கும் ஆமாதான். "அதில் பாதி சரி, பாதி சரியில்லை" என்று சொல்லலாம் என்று அந்த முதியவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? "கேள்வி புரியவில்லை, திரும்பக் கேளுங்கள்" என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. உண்மையிலேயே ஞாபகம் இல்லை என்றால் "ஞாபகம் இல்லை" என்பது குற்றமில்லை. தூரம், அகலம், வருஷம் எதையும் குத்துமதிப்பாக அடித்துவிடக் கூடாது. நீதிபதி பதிலை எடுத்துச் சொல்லி டைப் ஆகும்வரை நிற்க வேண்டும். பதறி வக்கீல் முகத்தைப் பார்க்கக் கூடாது. கடைசியில் தாளை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் ஒப்பு போட வேண்டும்.

அந்தக் கடைசி ஒன்றையாவது சொல்லியிருந்தால், ஐந்தாம் பக்கத்தில் "என் விலைக்குக் கிழக்கே கையாலை உள்ளது" என்று வந்திருக்காது. கையாலை என்றால் எல்லைச் சுவர். அம்மச்சி சொன்னது விளை. டைப் செய்தவர் வேறு மாவட்டத்துக்காரர் போல, விலை என்று காதில் விழுந்திருக்கிறது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். திருத்தச் சொல்ல வேண்டியவர் அந்த நேரம் எங்கே இருந்தார்? அடுத்த கோர்ட்டில் வேறு வழக்குக்கு ஓடிவிட்டாராம். பதினோராம் பக்கத்தின் அடியில் ஒரே வரி: "மறு விசாரணை: இல்லை." குறுக்கு விசாரணை முடிந்ததும் நம் வக்கீலே சாட்சியிடம் மறுபடி கேட்பதுதான் மறு விசாரணை. கொல்லம் ஆண்டையும், செண்டையும், சம்மதத்தையும் அங்கேயே, அப்போதே விளக்கம் கேட்டு வாங்கியிருக்கலாம். சட்டம் கொடுத்த கடைசிக் கதவு அது. அதைத் திறக்க ஆளில்லை.

இதைப் பேசினால் சில அண்ணன்மார் உடனே சொல்வார்கள், "சாட்சிக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாதும்மா, தொழில் ஒழுக்கம்." எரிச்சல் மண்டைக்கு ஏறுகிறது. நடக்காததை நடந்ததாகச் சொல்லப் பழக்குவதுதான் சொல்லிக்கொடுப்பது. அவருடைய வாக்குமூலத்தை அவருக்கே வாசித்துக் காட்டுவது, ஆதாரத்தின் அசலை அவர் கையில் கொடுத்து இதுதான் வா.சா.ஆ.1, அதாவது வாதி தரப்பு முதல் சான்றாவணம், என்று காட்டுவது, விளையில் போய் நின்று நான்கெல்லையையும் அவர் வாயால் சொல்லக் கேட்பது, கூண்டு எங்கே இருக்கிறது என்று முந்தின நாளே காட்டுவது, இதிலெல்லாம் எந்த ஒழுக்கம் கெடுகிறது? அமெரிக்காவில் டெபொசிஷன் என்றால் விசாரணைக்கு முன்பே, கோர்ட்டுக்கு வெளியே, எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டுப் பதிவு செய்வது. அவர்களுடைய ஃபெடரல் விதிப்படி ஒரு நாள், ஏழு மணி நேரம்வரை கேட்கலாம். அதற்கு முன் கட்சிக்காரரோடு உட்கார்ந்து பேசுவது அங்கே வக்கீலின் அன்றாட வேலை. இங்கே அதைத் தப்புக் காரியம் போலப் பேசுகிறோம்.

கட்சிக்காரர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. போலீசில் முன்பு கொடுத்த புகாரை மறைப்பவர்கள், பழைய சமரசப் பேச்சில் எழுதிக்கொடுத்த தாளைச் சொல்லாதவர்கள், கூண்டில் வைத்து எதிர்த்தரப்பு அதை நீட்டும்போது நம்மைப் பார்த்து முழிப்பவர்கள். ஆனால் உட்கார வைத்து "வேறு எங்காவது எதிலாவது ஒப்பு போட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் சொல்லிவிடுவார்கள். நாம் கேட்பதில்லை. அவர்களும் வக்கீல் ஆபீஸ் பெஞ்சின் ஓரத்தில் பயந்துபோய் உட்கார்ந்துவிட்டு, அடுத்த வாய்தா தேதியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள்.

இப்போது நான் ஆர்டர் 18 ரூல் 17-ன் கீழ் அம்மச்சியைத் திரும்பக் கூப்பிட மனு போடப் போகிறேன். சாட்சியத்தில் விட்டுப்போன ஓட்டையை அடைக்க அந்த ரூல் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2009-லேயே சொல்லிவிட்டது. எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுத்து வீசும். தெரிந்தேதான் போடுகிறேன்.

அந்த மனுவுக்கும் ஒரு பிரமாண வாக்குமூலம் வேண்டும். இன்று காலை அம்மச்சியை எதிரே உட்கார வைத்து வரிவரியாக வாசித்தேன். இரண்டு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. மூன்று இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். பாதை வடக்கே திரும்புகிறது என்று எழுதியிருந்தேன், தெற்கே என்றார். தகப்பனார் இறந்த வருஷம் தப்பு. மூன்றாவது, கையாலையை யார் கட்டியது என்பது. மூன்றும் நான் எழுதிய தப்பு. திருத்தி, மறுபடி அடித்து, மறுபடி வாசித்த பிறகுதான் அம்மச்சி பேனாவைக் கையில் எடுத்தார்.