கழுவெளியில் சைக்கிள் ஓட்டும் நண்பர்களுக்கு

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புதுச்சேரியிலிருந்து இருட்டோடு கிளம்பி, கோட்டக்குப்பம், கூனிமேடு என்று ஈசிஆரில் வடக்கே போய், அப்புறம் மேற்கே திரும்பி, மரக்காணம் பக்கத்தில் இருக்கிற கழுவெளி ஏரிக்குள் இறங்கினோம். ஆறு பேர். ஏரி முழுக்க வற்றிக் கிடந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாளம் பாளமாக வெடித்த களிமண். எம்டிபி, அதாவது கரடுமுரடான தரையில் ஓட்டுகிற தடித்த டயர் சைக்கிள், வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், இப்படி ஒரு தரையைப் பார்த்துவிட்டால் கால் சும்மா இருக்காது. டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு மிதித்தால் வண்டி பறக்கும். பாதையே வேண்டாம், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம். நான் எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தேன்.

இரண்டு ஆள்காட்டிப் பறவைகள் தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றின. நான் கண்டுகொள்ளவில்லை. கொஞ்ச தூரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் ஆயா கையை ஆட்டிக் குரல் கொடுத்தார். "தம்பி, வண்டிய அங்கயே நிறுத்து. நகராத. காலாண்ட பாரு."

பார்த்தேன். மண்ணைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "என்ன ஆயா?" என்றேன். கிட்டே வந்து கோலால் காட்டினார். ஆட்டுக் குளம்பு அழுந்தின மாதிரி ஒரு சின்னக் குழி. அதைச் சுற்றிப் பொடிக்கல், காய்ந்த ஆட்டுப் புழுக்கை. நடுவில் நாலு முட்டை, கூர்முனை நாலும் உள்பக்கம் பார்த்தபடி. அதே களிமண் நிறம், அதன்மேல் கருப்புத் திட்டுகள். அவர் காட்டிய பிறகும் ஒரு முறை கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் முட்டையைத் தேட வேண்டியிருந்தது. என் முன் டயர் பதிந்த தடம் அந்தக் குழியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் போயிருந்தது.

"தெனம் இத சுத்திதான் ஆட்ட ஓட்டினு போறேன். வெயிலு ஏறுது பாரு, நீங்க போனாதான் அது வந்து குந்தும்" என்றார். வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்த தடத்திலேயே நடந்து வெளியே வந்தோம். திரும்பிப் பார்த்தபோது ஒரு ஆள்காட்டி இறங்கி, நின்று நின்று, ஓடி ஓடி, குழிக்கு வந்து உட்கார்ந்தது. கோடையில் இந்தப் பறவை தண்ணீர் இருக்கிற இடத்துக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிரவைக்கும் என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். நாங்கள் அங்கே நின்ற ஒவ்வொரு நிமிடமும் அந்த முட்டைகள் வெயிலில் வெந்துகொண்டிருந்தன.

அன்றிலிருந்து மனதில் இருப்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். கழுவெளியின் ஏரித்தரையில் நாம் சைக்கிள் ஓட்டக் கூடாது. தண்ணீர் இருக்கும்போது யாரும் ஓட்டப்போவதில்லை. வற்றிக் கிடக்கும்போதும் ஓட்டக் கூடாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

நம் குழுவில் பலர் அதைப் பொட்டல் என்றே சொல்கிறோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் கழுவெளி வருடத்தில் பாதி நாள் தண்ணீர், பாதி நாள் தரை என்றே வாழ்கிற நிலம். வடகிழக்குப் பருவமழையில் மேற்கே இருக்கிற ஊர் ஏரிகள் ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழிந்து, கடைசியில் எல்லாம் இங்கே வந்து சேரும். கிழக்கே உப்புக்கழி ஓடை வழியாக இடையன்திட்டு முகத்துவாரத்திலிருந்து கடல்நீர் ஏறும். ஒரு முனையில் நல்ல தண்ணீர், மறுமுனையில் உப்புத் தண்ணீர், நடுவில் இரண்டும் கலந்த கலவை. அதனால்தான் இத்தனை வகைப் பறவை. மாசிக்கு மேல் தண்ணீர் உள்வாங்க ஆரம்பிக்கும். வைகாசியில் நாம் பார்க்கும் அந்த வெடித்த தரைக்கு அடியில் நத்தை மூடியைச் சாத்திக்கொண்டு கிடக்கிறது. தவளை கிடக்கிறது. கோரைக் கிழங்கும் விதைகளும் கிடக்கின்றன. ஈரம் மிச்சமிருக்கிற இடத்தில் விரால் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மேலே ஆள்காட்டியும் உப்புக்கொத்தியும் நெடுங்கால் உள்ளானும் முட்டை வைக்கிற காலமும் அதே கோடைதான். இவற்றில் எதுவும் மரத்தில் கூடு கட்டாது. திறந்த தரைதான் கூடு. நாம் 'சூப்பர் டிரெயில்' என்று தேடிப் போகிற அதே தரை.

ஈரம் முழுதாகக் காயாத ஓரங்களில் ஓட்டுவது இன்னும் மோசம். பிப்ரவரி, மார்ச்சில் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே கொழகொழவென்று இருக்கும். டயர் நாலு விரல் ஆழத்துக்கு இறங்கிவிடும். பிறகு அந்தத் தடம் அப்படியே செங்கல் மாதிரி காய்ந்துவிடுகிறது. ஒருவர் போன தடத்தில்தான் அடுத்தவரும் போவார். பத்துப் பேர் போனால் அது வாய்க்கால். முதல் மழைத் தண்ணீர் பரவி ஊறாமல் அந்த வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு ஓடும். போன வருடம் நாங்கள் போட்ட தடம் ஒன்றை இந்த வருடமும் என்னால் அடையாளம் காட்ட முடிந்தது.

"சைக்கிளில் புகை இல்லை, சத்தம் இல்லை, அதனால் கெடுதலும் இல்லை" என்று ஒரு நண்பர் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஜனவரியில் கரையோரம் உட்கார்ந்து நான் பார்த்தது வேறு. கருவால் மூக்கன்கள் பெரிய கூட்டமாகச் சேற்றில் அலகை விட்டு இரை எடுத்துக்கொண்டிருந்தன. ஓரத்தில் வண்டிப்பாதையில் தலையில் புல்லுக்கட்டோடு ஓர் அம்மா நடந்து போனார். ஒரு பறவைகூட நகரவில்லை. பத்து நிமிடம் கழித்து ஒரு சைக்கிள் குழு பாதையை விட்டிறங்கித் தண்ணீர் ஓரமாகவே வந்தது. கூட்டம் மொத்தமும் ஒரே வீச்சில் எழும்பியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. குழுவில் இரண்டு பேர் வீடியோவும் எடுத்தார்கள். சுற்றிச் சுற்றி வந்து அமர்ந்தது. அடுத்த சைக்கிள் வர, மறுபடி எழும்பியது. சைபீரியா, மத்திய ஆசியா வரை திரும்பிப் பறக்க வேண்டிய பறவைக்கு இந்தச் சேற்றில் சாப்பிடுவதுதான் வழிச்செலவுக்கான காசு. அதை நாம் வீடியோவுக்காகச் செலவழிக்கவைக்கிறோம். சத்தமில்லாமல் வேகமாக வருகிற ஆளைப் பறவை கடைசி நிமிடத்தில்தான் பார்க்கிறது, அதனால்தான் அவ்வளவு பதறுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, ஆக்கிரமிப்பு, கழிவு, பறவை வேட்டை இதையெல்லாம் விட்டுவிட்டு நாலு சைக்கிள்காரர்களைப் பிடிக்கிறாயே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவையெல்லாம் நம்மைவிடப் பல மடங்கு பெரிய கேடுகள், சந்தேகமே இல்லை. அதற்கும் குரல் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் இந்த ஒன்றை நிறுத்த மனு வேண்டாம், வழக்கு வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். ஹேண்டில்பார் நம் கையில்தான் இருக்கிறது.

ஆடு மேயலாம், நாம் ஓட்டக் கூடாதா என்றும் கேட்கிறார்கள். ஆடும் மாடும் முட்டையை மிதிக்கும்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆயாவுக்கு எந்த இடத்தில் எத்தனை முட்டை என்று தெரியும், ஆட்டைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போகிறார். அது அவர் பிழைப்பு. மணிக்கு 25 கிலோமீட்டரில் வருகிற எனக்கு எதுவும் தெரியாது, எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2021 டிசம்பரில் கழுவெளி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, சுமார் 5,151 ஹெக்டேர். 2024இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சரணாலயத்துக்குள் போகும் பொதுச்சாலையில் யார் வேண்டுமானாலும் கடந்து போகலாம். அதைத் தாண்டி உள்ளே இறங்க அனுமதி வாங்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் வாங்கியிருக்கிறோம்?

சைக்கிளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் எனக்கே தாங்காது. ஆஸ்திரியா, ஹங்கேரி எல்லையில் நொய்சீட்லர் என்று ஒரு ஏரி இருக்கிறது. ஆழமே இல்லாத, நாணல் சூழ்ந்த, உப்புச் சுவையுள்ள ஏரி. 1860களில் அதுவும் முழுக்க வற்றிப் போயிருக்கிறது. இன்று அது யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது, ஒரு பகுதி தேசியப் பூங்கா. அந்த ஏரியைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். பாதை வயலுக்குள்ளும் ஊர்களுக்குள்ளும் போகிறது. நாணலையும் சேற்றையும் பறவைக்கு விட்டுவிடுகிறார்கள்.

நமக்கும் சுற்றிப்போக வழியிருக்கிறது. ஊர் ஏரிக்கரைகள், வயலோர வண்டிப்பாதைகள், மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய சாலை. காலையில் உப்பு வாருகிறவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே, எதிர்க்காற்றில் மிதித்துப் பாருங்கள், தொடை கேட்கிற உழைப்பு அதிலேயே இருக்கிறது. மண்ணில் புரட்டி எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஆரோவில் பக்கத்துச் செம்மண் பாதைகள் இருக்கின்றன. வனத்துறை கழுவெளியைச் சுற்றி ஒரு பாதையைக் குறித்து, எங்கே இறங்கக் கூடாது என்று பலகை வைத்தால் ரொம்ப நல்லது. கல் நடவும் பலகை தூக்கவும் நம் குழுவிலிருந்து ஆள் வரும், நான் முதல் ஆளாக வருகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். சைக்கிள் ஓட்டிய பாதையையும் வேகத்தையும் பகிர்கிற ஸ்ட்ராவா ஆப்பில், ஏரித்தரையின் குறுக்கே போகிற பாதையைப் போட்டவர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அதைப் பார்த்துத்தான் சென்னையிலிருந்து புதுப்புதுக் குழுக்கள் வருகின்றன, யார் வேகம் என்று போட்டியும் நடக்கிறது. அந்தப் பாதைகளில் இரண்டை நான்தான் போட்டேன். நேற்று ராத்திரி அழித்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய பழைய ஜிபிஎக்ஸ் ஃபைல் (பாதையின் ஜிபிஎஸ் பதிவு) யாரிடமாவது இருந்தால் அதையும் தூக்கிவிடுங்கள். சுற்றிப்போகிற புதுப் பாதையைக் கீழே கமெண்டில் போடுகிறேன்.