நாற்று சாய்ந்தால் விதையைத் திட்டாதீர்கள்

வீட்டுப் பசுமைக்குடிலில் விதை போட்டுத் தோற்றவர்கள் முதலில் திட்டுவது விதை விற்றவரைத்தான். மட்டமான விதையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் நாற்றைக் கொல்வது அளவுமீறிய தண்ணீரும் மூடியே கிடக்கும் கதவும்தான்.

முளைத்த சில நாளில் தண்டு மண்ணை ஒட்டிய இடத்தில் நீர்கோத்துச் சுருங்கி, நாற்று படுத்துவிடுகிறதா? அது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண்வாழ் நுண்ணுயிரிகளின் வேலை. படுத்தது எழாது. வாட்டம் என்று நினைத்து மேலும் தண்ணீர் ஊற்றினால் விதைத்தட்டில் பக்கத்துக் குழிகளில் உள்ள நாற்றுகளும் போகும். குழித்தட்டில் தோட்டத்து மண் வேண்டாம். உப்புப் போகக் கழுவிய தென்னை நார்க்கழிவு மூன்று பங்கு, நன்கு மக்கிச் சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு போதும். கலவையைக் கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. தட்டைத் தண்ணீரில் கால் மணி நேரம் வைத்து, அடியிலிருந்து உறிஞ்சியதும் எடுத்துவிடுங்கள். மேற்பரப்பு வெளிறிய பிறகுதான் அடுத்த தண்ணீர். முதல் முளை தெரிந்த அன்றே தட்டின் மேல் போட்ட மூடாக்கை எடுத்துவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம் வரட்டும்" என்று காத்திருந்தால் ஈரம் தேங்கும், தண்டும் வெளுத்து நீளும். நீண்ட தண்டுக்கு மருந்து உரமல்ல, வெளிச்சம்.

விதைப்பு ஆழம் விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு. சாலட் கீரையான லெட்டூஸின் விதையை மட்டும் மேலே தூவி லேசாக அழுத்தினால் போதும். 25 முதல் 30 டிகிரி செல்சியஸில் தக்காளி ஏறக்குறைய ஒரு வாரத்தில் தலைகாட்டும். மிளகாய் இரண்டு வாரம்கூட எடுக்கும், கிளறிப் பார்க்காதீர்கள். அந்தச் சூட்டில் லெட்டூஸ் பல நேரம் முளைக்க மறுக்கும். அதற்கு 20 டிகிரியை ஒட்டிய குளிர்ந்த மூலை வேண்டும். கேரட், முள்ளங்கியைத் தட்டில் போடுவதே வீண்; பிடுங்கி நட்டால் கிழங்கு கவைக்கும்.

அழகழகான தொட்டிகளுக்கு முன் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பம் காட்டும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். செடி உயரத்தில், நேர்வெயில் படாமல் தொங்கவிடுங்கள். சிறிய குடில் பெரியதைவிட வேகமாகச் சூடேறும். வெளியே இதமாக இருக்கும்போதே உள்ளே 40ஐத் தாண்டிவிடும். 28ஐத் தொட்டால் மேல் சன்னலையும் கதவையும் திறங்கள். வெயில் கடுமையானால் மேலே நிழல்வலை.

பூத்த பின்னும் வேலை உண்டு. உள்ளே காற்றசைவு குறைவு என்பதால் தக்காளிப் பூங்கொத்தை நண்பகலையொட்டி விரலால் மெல்லத் தட்டிவிடுங்கள். பூசணிக்குத் தேனீ வராவிட்டால் காலையிலேயே ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவ வேண்டும்.