செவ்வாய்க்கிழமையும் புளி சீசனும்

என் தங்கச்சியின் கர்ப்பகால அட்டையில் இரண்டு மாதக் கட்டம் காலியாக இருக்கிறது. ஒரு வருஷமாக இதை எழுத வேண்டும் என்று நினைத்து, வீட்டில் யாருக்காவது வருத்தமாகிவிடுமோ என்று தள்ளிப்போட்டேன். இப்போது எல்லோரும் சிரித்துப் பேசுகிற நிலைமை, அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்குப் பாலக்கோடு. அவளைக் கொடுத்தது அஞ்செட்டி தாண்டி ஒரு சின்ன ஊரில். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்துக் கூட்டி வந்தோம். வந்தபோதே கால் இரண்டும் வீங்கியிருந்தது. "அவ்வளவு தூரம் பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு வந்தாளே, புள்ளத்தாச்சிக்கு வீங்கத்தான் செய்யும்" என்று அம்மா பார்லி கஞ்சி வைத்துக் கொடுத்தார். நானும் ஆமாம் போட்டேன். எனக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டு தடவையும் கால் வீங்கியது, தானாக வடிந்தது. பெரிய அனுபவசாலி!

நான்காம் நாள் தலைவலி என்று படுத்துவிட்டாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். பிரஷர் 150/100. சிறுநீரில் புரதம் வேறு. நர்சம்மா கேட்ட முதல் கேள்வி, "கார்டு எங்கே?" கார்டு அஞ்செட்டியில், மாமியாரின் டிரங்குப் பெட்டியில், பத்திரமாக. மாப்பிள்ளை ஓசூரில் ஷிப்ட்டில் இருந்தார். அவர் வீட்டுக்குப் போன் போட்டு, யாரோ ஒரு பையன் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. மூன்றாம் மாதம் 110/70. நான்காம் மாதமும் அதேதான். ஐந்து, ஆறு காலி.

கர்ப்பகால பிரஷர் பெரும்பாலும் 20 வாரத்துக்கு மேல்தான் தலைகாட்டும், 140/90-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்த 20 வாரம் சரியாகக் காலிக் கட்டத்துக்குள் விழுகிறது. பிரஷர் நேற்று ஏறியதா, ஒரு மாதமாக ஏறிக்கொண்டிருந்ததா? சொல்ல ஆளில்லை. தலைவலி வரும்வரை அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. பலருக்கு அப்படித்தானாம்.

ஏன் போகவில்லை என்று கேட்டால், மாசியும் பங்குனியும் புளி சீசன். வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுத்தால் கிலோ கணக்கில் கூலி. ஆஸ்பத்திரிக்குப் போனால் பஸ்ஸுக்குக் காத்திருந்து போய்வரவே பொழுது சாய்ந்துவிடும், அன்றையக் கூலி போச்சு. அப்புறம் இன்னொன்று. கர்ப்பிணிகளுக்கான செக்கப் செவ்வாய்க்கிழமை. செவ்வாயோ வெறுவாயோ என்பார்கள். அன்றைக்கு மாசமான பெண் படி தாண்டக் கூடாது என்பது அவள் மாமியார் கட்சி. அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, எங்கள் அம்மாவும் அதே கட்சிதான்.

நாம் செக்கப் என்று எதைச் சொல்கிறோம்? ஸ்கேனை. தர்மபுரிக்குப் போய்க் காசு கொடுத்து ஸ்கேன் எடுத்து, அந்தப் படத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் கடமை முடிந்தது. (ஸ்கேன் ரூமிலிருந்து வெளியே வந்ததும் "என்ன குழந்தை?" என்று கிசுகிசுக்கிற ஆட்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அதைச் சொல்லக் கூடாது என்று 1994-லேயே சட்டம் வந்தாயிற்று.) எடை, பிரஷர், சிறுநீர், ரத்தத்தில் ஹீமோகுளோபின், குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கிற சர்க்கரை, இவையெல்லாம் இலவசம் என்பதாலோ என்னவோ யாருக்கும் மதிப்பில்லை. அதிலும் ஒரு நாள் எடுத்த அளவு பாதிக் கதைதான் சொல்லும். போன மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு என்று வரிசையாக இருந்தால்தான் பார்க்கிறவருக்குப் பிடி கிடைக்கும்.

சத்து மாத்திரையும் இப்படித்தான். இரும்புச்சத்து மாத்திரை தினம் ஒன்று, 180 நாள். குழந்தை பெருத்து ஆபரேஷன் ஆகிவிடும் என்று பயந்து கூரையில் சொருகி வைத்த மாத்திரை அட்டைகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். விழுங்குகிறவர்களும் டீயோடு விழுங்குகிறார்கள். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சை சாறு என்றால் நல்லது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம் வளைகாப்புதான். சடங்கின் மேல் இல்லை, அதற்கு அப்புறம் நடப்பதன் மேல். கர்ப்ப காலத்தில் எட்டு தடவையாவது பார்க்க வேண்டும் என்று 2016-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அதில் ஐந்து தடவை கடைசி மூன்று மாதத்தில். நம் பெண்கள் வீடு மாறுவதும் சரியாக அப்போதுதான். அங்கே இருக்கிற நர்ஸ், பெண் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள் என்று நினைப்பார். இங்கே இருக்கிறவருக்கு அவள் வந்ததே தெரியாது. ஐந்து வகைச் சோறு கட்டி, தாம்பாளம் தாம்பாளமாகச் சீர் வைத்தோம். அட்டையை ஒரு தாம்பாளத்தில் வைக்க எங்கள் இரண்டு வீட்டிலும் ஒருவருக்கும் தோன்றவில்லை. கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கொடுக்கிற பிக்மி எண்ணைச் சொல்லி எந்த ஊரிலும் பரிசோதனையைத் தொடரலாம். பிறப்புச் சான்றிதழுக்கு வேண்டும் என்று அந்த எண்ணை மட்டும் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம்.

தங்கச்சியை அன்றைக்கே தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மாத்திரை, வாரம் ஒரு தடவை பரிசோதனை, 37 வாரத்தில் பிரசவம். குழந்தை 2.3 கிலோ. இப்போது வீட்டில் தவழ்ந்து எல்லாவற்றையும் இழுத்துப் போடுகிறாள்.

போன வாரம் அஞ்செட்டி போயிருந்தேன். தங்கச்சியின் ஓரகத்திக்கு இப்போது ஐந்தாம் மாதம். வாசலில் புளி மலைபோல் குவிந்திருந்தது. அன்று செவ்வாய். மாமியார் மருமகளைப் பார்த்து, "ராகு காலம் மூணு மணிக்குத்தானே, அதுக்குள்ள போய்ட்டு வந்துடு" என்றார். கார்டை மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்ததும் அவர்தான்.