நடுவர் நாற்காலி இல்லாத மேடை

லோக்கல் கேபிள் சேனலில் பாடியவர், ஆடியவர், மிமிக்ரி செய்தவர் என்று வடசென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டைப் பக்கம் தெருவுக்கு ஒருத்தராவது இருப்பார். இன்றைக்கும் ஏரியாவில் அவருக்கு "டிவியில வந்தவரு" என்றுதான் பேர்.

அந்த நிகழ்ச்சிகளை நாம் ரொம்பவே கிண்டல் செய்திருக்கிறோம். கிண்டலுக்கு இடமும் இருந்தது. ஆபரேட்டர் வீட்டு மாடி அறைதான் ஸ்டுடியோ. பின்னால் ஆணியில் மாட்டிய நீலத் துணி. காற்றில் துணி ஆடும் என்பதால் ஃபேன் கிடையாது. பவுடர் வியர்வையில் கரைந்து கழுத்துக்கு இறங்கியிருக்கும். ஒரு சின்னப் பெண் பரதம் ஆடிக்கொண்டிருப்பாள், திரைக்கு அடியில் யாரோ பெரியவரின் பதினாறாம் நாள் காரியம் எழுத்தாக ஓடும், பின்னாலேயே யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து. கானா பாட வந்த பையன் பிளாஸ்டிக் குடத்தைத் தட்டிப் பாடுவான், நடுவில் வரி மறந்து கேமராக்காரரைப் பார்த்துச் சிரிப்பான். அதுவும் அப்படியே ஒளிபரப்பாகும். எடிட்டிங் எல்லாம் யார் செய்வது?

ஆனால் அவனை யாரும் எலிமினேட் செய்யவில்லை. பெரிய சேனல்களில் வடசென்னைப் பையன் என்றால் முதலில் வீட்டுக் கஷ்டம், அம்மா அழுகை, சோக வயலின், அப்புறம்தான் பாட்டு. மாடி அறையில் நேராகப் பாட்டுதான்.

அமெரிக்காவில் இந்த விஷயத்தைக் கேபிள்காரரின் நல்ல மனசுக்கு விடவில்லை. பெரிய ஊர்களின் கேபிள் நிறுவனங்கள் பொதுமக்களுக்கென்று ஒரு சேனல் ஒதுக்க வேண்டும் என்று 1972இல் விதி போட்டார்கள். 1979இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1984 சட்டம், அப்படிச் சேனல் கேட்கும் உரிமையை உள்ளூர் நிர்வாகங்களுக்குக் கொடுத்தது. அந்தச் சேனல்களில் முதலில் வருபவருக்கு முதலில் நேரம், அவ்வளவுதான்.

நமக்கு அப்படி எதுவும் இல்லை. அனலாக் காலத்தில், படத்தைக் கேபிளில் ஏற்றிவிடும் ஒரு மாடுலேட்டரும் விசிடி பிளேயரும் இருந்தால் ஆபரேட்டரே ஒரு சேனல் விட்டுவிடலாம். 2012க்குப் பிறகு டிஜிட்டல், செட்டாப் பாக்ஸ் என்று ஆனதும் எந்தச் சேனல் வரும் என்பது மேலே உள்ள பெரிய நிறுவனத்தின் கைக்குப் போனது. தெரு ஆபரேட்டர் மாதப் பணம் வசூலிப்பவர் ஆகிவிட்டார்.

யூடியூப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, கானாவை உலகம் முழுக்கக் கொண்டுபோனதும் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே யார் கண்ணில் படுவோம் என்று சொல்ல முடியாது. கேபிளில் வந்தால் எதிர் வீட்டு அக்கா பார்ப்பார், மளிகைக்கடை அண்ணன் பார்ப்பார், மறுநாள் "நேத்து சுருதி போச்சுடா" என்று முகத்துக்கு நேராகச் சொல்வார்.

வானொலியில் மட்டும் இது எப்படி முடிந்தது? 2004இலேயே அண்ணா பல்கலைக்கழகத்தில், சுற்றுவட்டார மக்களுக்கான சின்ன நிலையமான சமுதாய வானொலி வந்துவிட்டது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. தொலைக்காட்சிக்கு மட்டும் ஏன் கூடாது?

அரசு கேபிள் நம்முடையதுதானே. அதில் ஏரியாவுக்கு ஏரியா, வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும். கார்ப்பரேஷன் சமூக நலக்கூடத்தில் ஒரு கேமரா போதும், பேர் கொடுத்த வரிசையில் ஏறட்டும். தயவுசெய்து நடுவருக்கு நாற்காலி மட்டும் போடாதீர்கள்.