ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே

ஸ்பீடு லிமிட் பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது ஒருத்தர் வந்துவிடுவார். "வேகத்தால விபத்து நடக்கறதில்லைங்க, ஓட்டத் தெரியாததாலதான் நடக்குது." நானும் பல வருஷம் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். ஃபைன் கட்டிய நாட்களில் இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருக்கிறேன்.

என் வாயை அடைத்தது ஒரு சின்னக் கணக்கு. இரண்டு கார்கள். ஒன்று 50 கி.மீ. வேகத்தில் போகிறது, இன்னொன்று 60ல். இரண்டும் அக்கம்பக்கமாக வரும் அந்தக் கணத்தில், 28 மீட்டர் தள்ளி ஒரு குழந்தை சாலைக்குள் ஓடி வருகிறது. இரண்டு டிரைவர்களுமே கெட்டிக்காரர்கள், ஒரே விநாடியில் பிரேக்கை மிதித்துவிடுகிறார்கள். காய்ந்த சாலை, நல்ல டயர். 50ல் வந்த கார் குழந்தைக்கு முன்னால் மயிரிழையில் நின்றுவிடும். 60ல் வந்த கார் அதே இடத்தைத் தாண்டும்போது இன்னும் ஏறக்குறைய 40 கி.மீ. வேகத்தில் இருக்கும்.

ஓட்டும் திறமையில் இருவருக்கும் இம்மியும் வித்தியாசம் இல்லை. ஆனால் கால் பிரேக்குக்குப் போகும் அந்த ஒரு விநாடியிலேயே 60ல் வந்தவர் கிட்டத்தட்ட 3 மீட்டர் கூடுதலாகப் போய்விட்டார். வேகம் 20 சதவீதம் கூடினால் பிரேக் தின்று தீர்க்கவேண்டிய ஆற்றல் 44 சதவீதம் கூடிவிடுகிறது. சரி, இந்தக் கூடுதல் வேகத்தில் மிச்சமாகும் நேரம்? 10 கி.மீ. தூரத்துக்கு 2 நிமிஷம். அதுவும் வழியில் ஒரு சிக்னல்கூட இல்லாவிட்டால்.

இந்த இடத்தில் ஜெர்மனியின் ஆட்டோபான் என்கிற அதிவேக நெடுஞ்சாலையை இழுத்துவருவார்கள். அங்கே பல பகுதிகளில் லிமிட் இல்லை என்பது உண்மை. ஆனால் எதிரே வண்டி வராது, குறுக்கே சைக்கிள் வராது, நடந்து போகிறவரே கிடையாது. அதே ஜெர்மனியில் ஊருக்குள் நுழைந்தால் பொதுவாக 50தான். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அமெரிக்காவில் 1974ல் எண்ணெய் நெருக்கடிக்காக, பெட்ரோலை மிச்சம் பிடிக்க, நாடு முழுக்க மணிக்கு 55 மைல் என்று லிமிட் போட்டார்கள். 1973ல் சுமார் 54,000ஆக இருந்த சாலைச் சாவு அடுத்த வருஷம் சுமார் 45,000ஆக இறங்கியது. முழுப் பெருமையையும் லிமிட்டுக்குக் கொடுக்கமாட்டேன், அந்த வருஷம் மக்கள் வண்டி எடுத்ததே குறைவு. பிறகு நெருக்கடி போனதும் ஆளில்லாத நெடுஞ்சாலையில் 55ஐ யாரும் மதிக்கவில்லை. 1995ல் எடுத்தேவிட்டார்கள்.

போர்டு நட்டால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஒற்றைக் கேமராவும் அப்படித்தான். அதைக் கண்டதும் எல்லோரும் பரம சாது, தாண்டியதும் ஆக்சிலரேட்டர் தரையைத் தொடும். (ஸ்பீடு கேமராவுக்கு முன்னோடியான கருவியைச் செய்த மாரிஸ் காட்சோனிடஸ், 1953ல் மான்டே கார்லோ ராலி ஜெயித்த பந்தயக்காரர். வளைவுகளில் தன் வேகத்தை அளந்து பார்த்து, இன்னும் வேகமாகப் போகத்தான் அதைச் செய்தார்!) சராசரி வேகத்தை அளக்கும் கேமராக்கள் வேறு ரகம். ஓரிடத்தில் நம்பர் பிளேட்டைப் படித்து, சில கி.மீ. தள்ளி மறுபடி படித்து, நடுவில் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்குப் போடும். அதை ஏமாற்ற ஒரே வழி, பறந்துவிட்டு நடுவில் ஓரங்கட்டிச் சும்மா நிற்பது.

ஆனால் எனக்கு இன்னும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. ஓடுதளம் மாதிரி அகலமாக, நேராகச் சாலை போட்டுவிட்டு ஓரத்தில் 40 என்று போர்டு வைப்பது. கால் சாலையின் பேச்சைத்தான் கேட்கும். அந்தச் சாலையைக் குறுக்கி, நடப்பவர் கடக்கும் இடத்தை மேடாக்கினால் கேமராவே தேவைப்படாது. அதைச் செய்யாமல், யாரும் அடிபடாத இறக்கத்தின் அடியில் ஒளிந்து நின்று ஃபைன் போட்டால், பள்ளிக்கூடத்து முன்னால் இருக்கும் நியாயமான 30ஐயும் ஜனங்கள் வசூல் என்றுதான் நினைப்பார்கள்.

எந்த இடத்தில் கேமரா வைத்தார்கள், வைத்தபின் அங்கே அடிபடுவது குறைந்ததா என்று வருஷாவருஷம் கணக்கை வெளியிடட்டும். குறையாத இடத்தில் கழற்றிவிடட்டும். அதுவரை ஃபைன் வந்தால் கட்டுவேன், திட்டிக்கொண்டேதான் கட்டுவேன்.