அந்தக் கோபுரப் படங்களைப் பற்றி

நேற்றிலிருந்து சுற்றும் அந்த இரண்டு கோபுரப் படங்களையும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இடப்பக்கம் நிக்கானின் பழைய கேமரா டி750-இல் எடுத்தது, வலப்பக்கம் அதைவிடப் புதிய இசட்7-இல் எடுத்தது. "பழசு எவ்வளவு சாஃப்ட், பாருங்கள்" என்று மேலே ஒரு வரி. சாஃப்ட் என்றால் கூர்மையில்லாமல் மழுங்கலாக இருப்பது. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இரண்டையும் ஒரே மாதிரி எடுத்தீர்களா? அதற்கு வந்த பதில், "பழைய கேமரா வைத்திருப்பவருக்கு வயிறு எரிகிறது."

சரி, எரிகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பதிவு போட்டவரே எழுதியிருக்கும் விவரத்தைப் படியுங்கள். டி750-இல் 24-120 ஜூம் லென்ஸ், எஃப் 16 அபர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறிது), 1/40 நொடி, கையில் பிடித்து எடுத்தது. இசட்7-இல் 50 எம்எம் பிரைம் (ஜூம் ஆகாத லென்ஸ்), எஃப் 5.6, ட்ரைபாடில் வைத்து எடுத்தது. லென்ஸ் வேறு, அபர்ச்சர் வேறு, ஒன்றில் கை நடுக்கம் வேறு. இதில் கேமரா பாடியை எங்கே சோதித்தீர்கள்? துளையை எஃப் 16-க்கு மூடினால் ஒரு புள்ளி வெளிச்சம் சென்சாரில் சுமார் 20 மைக்ரான் அகலத்துக்குப் பரவிவிடும். டி750-இன் ஒரு பிக்சல் 6 மைக்ரான்தான். இசட்7-ஐயும் எஃப் 16-இல் வைத்து எடுத்திருந்தால் அந்தக் கோபுரத்துப் பொம்மைகளின் முகமும் மழுங்கித்தான் வந்திருக்கும்.

"அப்போ இசட்7-இன் 45 மெகாபிக்சலுக்கு மதிப்பே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது, நான் மறுக்கவே இல்லை. இசட்7-இல் நுணுக்கத்தைக் கொஞ்சம் மழுக்கும் லோ-பாஸ் ஃபில்டரும் கிடையாது, நல்ல லென்ஸ் போட்டால் நுணுக்கம் கூடத்தான் வரும். ஆனால் டி750 படம் 6016 பிக்சல் அகலம், இசட்7 படம் 8256. அகலத்தில் 37 சதவீதம்தான் கூடுதல். அதற்காக டி750 படம் கலங்கிய குளம் மாதிரி தெரியாது. அப்படித் தெரிந்தால் எடுத்த விதத்தில் தப்பு இருக்கிறது.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. என்னுடைய டி750-ஐ வாங்கிய மூன்றாவது மாதம் நானே இதை விற்கக் கிளம்பினேன். முகூர்த்தப் படங்களில் மணப்பெண்ணின் காது கூர்மையாக இருக்கும், கண் இமை இருக்காது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் ஒன்றும் பேசாமல் பேப்பரில் வரி விளம்பரப் பக்கத்தை எடுத்து, நான்கு மூலையிலும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டினார். ட்ரைபாடை நேராக நிறுத்தி, லைவ் வியூவில் (கேமராவின் பின்பக்கத் திரையில்) பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் வைத்து, எஃப் 5.6, இரண்டு நொடி டைமர். 'வீடு வாடகைக்கு' என்ற வரியில் க் மேல் இருந்த புள்ளி உருண்டையாகத் தனித்து நின்றது. அப்புறம் ஆட்டோஃபோகஸில் எடுத்தார். அதே புள்ளி எழுத்தோடு ஒட்டிப்போயிருந்தது. ஃபோகஸ் கொஞ்சம் பின்னால் விழுந்துகொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான். கேமராவிலேயே இருக்கும் ஏஎஃப் ஃபைன் ட்யூன் என்ற ஆட்டோஃபோகஸ் திருத்தும் வசதியில் சரிசெய்து கையில் கொடுத்தார். அன்று அவர் இல்லையென்றால் நல்ல கேமராவைப் பாதி விலைக்குக் கொடுத்திருப்பேன். அதன் பிறகு எத்தனையோ கல்யாணம் இதில்தான் எடுத்தேன். ஒரு குடும்பம்கூட சாஃப்டாக இருக்கிறது என்று ஆல்பத்தைத் திருப்பித் தந்ததில்லை.

"ஒரு பதிவுதானே, இதற்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று ஒருவர் கேட்டார். என்னோடு வேலைக்கு வரும் தம்பி நேற்று ராத்திரி போன் செய்தான். அவனிடம் இருப்பதும் டி750தான், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. "அண்ணே, வட்டிக்கு வாங்கியாவது மாத்திடட்டுமா? இந்தப் படத்தைப் பார்த்துட்டு யாரும் ஆர்டர் தர மாட்டாங்க போலிருக்கே" என்கிறான். அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடனையே அவன் இன்னும் கட்டி முடிக்கவில்லை. கை நடுங்கி எடுத்த ஒரு படத்துக்காக அவன் இன்னொரு கடனில் விழ வேண்டுமா? என்னைப் பொறாமைக்காரன் என்றது கூடப் பரவாயில்லை, இதுதான் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவனை ஸ்டுடியோவுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பேப்பர், டேப், ட்ரைபாட் எல்லாம் இருக்கிறது. பதிவு போட்டவரும் தன் இசட்7-ஐ எடுத்துக்கொண்டு வரட்டும், பழைய நிக்கான் லென்ஸை அதில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரையும் சேர்த்து. என்னுடைய 50 எம்எம்மையே இரண்டிலும் மாட்டி எடுப்போம். ரா ஃபைல்களை (கேமரா பதிவுசெய்த, திருத்தாத கோப்புகளை) அப்படியே இங்கே போடுகிறேன்.