படித்ததை வெளியே எடுக்க முடிகிறதா?

புதிதாக ஒரு வாசிப்புச் செயலியோ கருவியோ கைக்கு வந்தால், அதன் அமைப்புகளில் 'எக்ஸ்போர்ட்' என்று ஏதாவது இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன். எழுத்துரு, பின்னணி நிறம், பக்கம் புரளும் அழகு எல்லாம் அப்புறம். நான் படித்தவை, அடிக்கோடிட்டவை, ஓரத்தில் எழுதி வைத்தவை எல்லாவற்றையும் ஒரு சாதாரணக் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா? முடியாது என்றால், அந்தக் கருவி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் என் வாசிப்பை அதனிடம் ஒப்படைக்க மனம் வருவதில்லை.

தொழில்நுட்பத்தில் ஆர்வம் உள்ளவர்கள்கூட இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. புதுச் செயலி வந்தால் அன்றைக்கே நிறுவிப் பார்க்கிறோம், வேகத்தை ஒப்பிடுகிறோம், திரையின் தெளிவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். ஆனால் ஒருவருடைய வாசிப்பு இருபது முப்பது வருடம் சேர்ந்து வளர்வது. செயலிகளுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது.

பாக்கெட் என்ற சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். 2007-இல் 'ரீட் இட் லேட்டர்' என்ற பெயரில் தொடங்கி, 2012-இல் பாக்கெட் ஆகி, 2017-இல் மொசில்லாவின் கைக்குப் போனது. அப்புறம் படிக்கலாம் என்று கட்டுரைகளைச் சேர்த்து வைப்பவர்களுக்கு அதுதான் வீடு மாதிரி இருந்தது. 2025 ஜூலை 8 அன்று அதை மூடிவிட்டார்கள். முன்கூட்டியே அறிவித்தார்கள், சேமித்ததை இறக்கிக்கொள்ள அவகாசமும் தந்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இறக்கிய கோப்பில் இணைப்பும் தலைப்பும் குறிச்சொற்களும் இருந்தனவே தவிர, கட்டுரையின் உரை இல்லை. இணைப்பு இருந்தால் போதாதா என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்தில் திறக்க முடியாமல் போய்விட்டன என்று பியூ ஆய்வு மையம் 2024-இல் சொன்னது. சேமித்து வைத்தோம் என்று நாம் நம்பிக்கொண்டிருந்தது கட்டுரையை அல்ல, அது இருந்த முகவரியை மட்டும்தான்.

ஆம்னிவோர் என்ற, இதே வேலையைச் செய்த செயலி இதைவிட வேகமாகப் போனது. திறந்த மூல நிரல், அருமையான வடிவமைப்பு, கட்டணம் இல்லை. அதை உருவாக்கிய குழு 2024 இறுதியில் வேறொரு நிறுவனத்தில் சேர்ந்ததும், சில வாரங்களில் சேவை நின்றது. நிரல் திறந்ததாக இருப்பது நல்லது. ஆனால் சர்வர் வேறொருவருடையது என்றால் அது மட்டும் நம்மைக் காப்பாற்றாது.

இதற்கு நேர் எதிராக நடந்தது கூகுள் ரீடர் கதை. பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய சேவை அது. அது 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டபோது எழுந்த கோபம் நினைவிருக்கலாம். இருந்தும் அதன் வாசகர்கள் ஒரு பிற்பகலில் வேறு இடத்துக்குக் குடிபெயர முடிந்தது. காரணம் எளிது. ஆர்எஸ்எஸ் என்பது யாருக்கும் சொந்தமில்லாத பொது வடிவம். ஒரு தளம் தன் புதுப் பதிவுகளை ஒரு சிறிய கோப்பில் பட்டியலிட்டு வைக்கும், எந்தச் செயலி வேண்டுமானாலும் அதை வந்து படித்துக்கொள்ளலாம். நாம் பின்தொடரும் தளங்களின் பட்டியலோ ஓபிஎம்எல் என்ற இன்னொரு பொதுக் கோப்பில் அடங்கிவிடும். அந்தக் கோப்பை ஃபீட்லி, இனோரீடர் போன்ற வேறு சேவைகளில் கொடுத்தால் முடிந்தது வேலை. அன்று ஏற்றுமதி செய்த ஓபிஎம்எல் கோப்பை இன்று ஒரு புதுச் செயலியில் கொடுத்தாலும் அது திறக்கும். சேவை செத்தாலும் வாசகரின் பட்டியல் சாகவில்லை. நான் கேட்பதும் இந்த ஓர் உத்தரவாதத்தைத்தான்.

காசு கொடுத்து வாங்கிய புத்தகங்களின் நிலையைப் பார்த்தால் இந்தக் கவலை இன்னும் கூடுகிறது. 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நூல்களை, வாங்கியவர்களின் கிண்டில் கருவியிலிருந்தே அமேசான் நீக்கியது. விற்ற பதிப்பாளருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஜெஃப் பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார். எல்லோரும் இதில் நீக்கப்பட்ட நூல்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அப்போது வழக்குத் தொடுத்த ஒரு மாணவரின் புகார். பாடத்துக்காக அவர் எழுதி வைத்த குறிப்புகள் நூலோடு பிணைந்தவை, நூல் போனதும் அவற்றுக்குப் பொருள் இல்லாமல் போனது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோதும் விலையைத் திருப்பித் தந்தது, குறிப்புகள் எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் வரவு வைத்தது. புத்தகத்தின் விலையைத் திருப்பித் தரலாம். அதன் ஓரத்தில் ஒருவர் யோசித்ததற்கு 25 டாலர் என்று யார் எப்படிக் கணக்குப் போட்டார்கள்?

2025 பிப்ரவரியில் கிண்டில் நூல்களைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாக மாற்றும் வசதியையும் அமேசான் எடுத்துவிட்டது. அதைப் பயன்படுத்தியவர்கள் குறைவாகவே இருக்கலாம். ஆனால் ஒரு கதவை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதை வைத்து அது தேவையா என்று முடிவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதனால் நான் புத்தகம் வாங்கும் வரிசையே மாறிவிட்டது. நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லாமல், இபப் என்ற பொது மின்னூல் வடிவத்தில் கிடைக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். டோர் போன்ற பெரிய பதிப்பகமே 2012 முதல் டிஆர்எம் என்ற அந்தப் பூட்டு இல்லாமல் மின்னூல் விற்கிறது, அதனால் அவர்கள் கடையை மூடிவிடவில்லை. அப்படிக் கிடைக்காத நூல் நீண்ட நாள் கூடவே வைத்திருக்க வேண்டியது என்றால் அச்சில் வாங்குகிறேன். ஒருமுறை படித்துவிட்டு விடக்கூடியது என்றால் பூட்டிய வடிவமும் போதும், அதை இரவல் என்று மனதில் வைத்துக்கொண்டே வாங்குகிறேன்.

இபப் மீது எனக்கு ஏன் இவ்வளவு பிரியம் என்று தெரிய வேண்டுமானால், பூட்டு இல்லாத ஓர் இபப் கோப்பின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு சாதாரண வலைப்பக்கமாக இருக்கும், படங்கள் தனிக் கோப்புறையில் இருக்கும், எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்று ஒரு சிறு கோப்பு சொல்லும். மறைவான எதுவுமே இல்லை. நாளைக்கு எல்லா வாசிப்புச் செயலிகளும் அழிந்துபோனாலும் ஓர் உலாவி இருந்தால் அந்தப் புத்தகத்தைப் படித்துவிடலாம். இவற்றையெல்லாம் அடுக்கி வைக்க கேலிபர் இருக்கிறது. சோனியின் பிஆர்எஸ்-500 கருவி லினக்ஸில் வேலை செய்யவில்லை என்பதற்காக கோவிட் கோயல் 2006-இல் எழுதத் தொடங்கிய நிரல் அது. இன்றுவரை இலவசமாக, புதிய பதிப்புகளோடு வந்துகொண்டிருக்கிறது. நூல்களை அது நம் கணினியிலேயே ஆசிரியர் பெயர் வாரியாகச் சாதாரணக் கோப்புறைகளில் வைக்கிறது. கேலிபரை நீக்கினாலும் நூலகம் அப்படியே இருக்கும். ஒரு மென்பொருளுக்கு இதைவிடப் பெரிய நேர்மை வேண்டுமா?

சரி, எதில் படிப்பது? எனக்கு மின்மைத் திரைதான், அதாவது கிண்டில் போன்ற கருவிகளில் இருக்கும் இ-இங்க் திரை. அதன் உள்ளே நுண்ணிய உறைகளில் கறுப்பும் வெள்ளையுமாக மின்னூட்டம் பெற்ற துகள்கள் இருக்கின்றன. மின்புலம் மாறும்போது அவை மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாகின்றன. பக்கம் மாறும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் வேண்டும். மெதுவான திரை என்று இதைக் குறை சொல்கிறார்கள். அந்த மெதுவுக்காகவேதான் நான் அதை விரும்புகிறேன், ஏனென்றால் அதில் வேறு எதையும் செய்யத் தோன்றாது. நீண்ட கட்டுரைகளையும் இபப் ஆக மாற்றி அதில்தான் படிக்கிறேன். கைபேசியில் தலைப்புகளை மேய்வதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அச்சா திரையா என்ற விவாதத்தில் நான் திரையின் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பவன் அல்ல. 2018-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 54 ஆய்வுகளை, ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேருக்கும் மேற்பட்டோரின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. தகவல் சார்ந்த உரைகளில், அதுவும் நேர நெருக்கடியில் படிக்கும்போது, அச்சில் படித்தவர்களுக்கே புரிதல் கூடுதலாக இருந்தது. கதை மட்டும் படிக்கும்போது அப்படி ஒரு வேறுபாடு தென்படவில்லை. இதை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். நாவல்களைத் திரையில் படிப்பேன், கடினமான தொழில்நுட்ப நூல் என்றால் அச்சுப் பிரதியும் ஒரு பென்சிலும் வேண்டும்.

அடுத்து அடிக்கோடுகள். விரலை இழுத்தால் மஞ்சள் பூசிவிடும் என்பதால் பக்கம் பக்கமாகப் பூசித் தள்ளுகிறோம். கற்றல் முறைகளைப் பற்றி 2013-இல் ஜான் டன்லோஸ்கியும் மற்றவர்களும் எழுதிய மதிப்பீட்டில் அடிக்கோடிடுவது குறைந்த பயன் உள்ள வரிசையில் வருகிறது. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பதும் மேல் வரிசையில் இருக்கின்றன. ஆகவே ஓர் அத்தியாயம் முடிந்ததும் கருவியை மூடி வைத்துவிட்டு, நினைவில் நின்றதை என் சொற்களில் ஒரு சாதாரண உரைக்கோப்பில் எழுதுகிறேன். நூலுக்கு ஒரு கோப்பு, அவ்வளவுதான். தலைப்பு, பட்டியல் போன்றவற்றை எளிய குறிகளால் காட்டும் மார்க்டவுன் தெரிந்தால் வசதி, தெரியாவிட்டாலும் ஒன்றும் குறைவில்லை. கிண்டிலில் நாம் இடும் கோடுகளும் 'மை கிளிப்பிங்ஸ்' என்ற உரைக்கோப்பில் சேர்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. கணினியோடு இணைத்தால் நகலெடுத்துக்கொள்ளலாம். இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் சுருக்கம் கேட்பதைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. எந்த நூலைப் படிப்பது என்று தீர்மானிக்க உதவட்டும். நினைவிலிருந்து எழுதும் அந்தக் கோப்பை மட்டும் அது எழுதக் கூடாது.

"படித்தோம், ரசித்தோம், மறந்தோம், இதற்கு எதற்கு இவ்வளவு ஏற்பாடு?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். படித்த எல்லாவற்றையும் பாதுகாக்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. எதை மறப்பது, எதை வைத்துக்கொள்வது என்பதை வாசிப்பவர் முடிவு செய்ய வேண்டும், ஒரு நிறுவனத்தின் வரவுசெலவுக் கணக்கு அல்ல.

இந்தப் பொதுக் கவலைகளுக்கு மேல் தமிழில் படிப்பவர்களுக்குத் தனியான சில இருக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தந்தது. தொடக்கத்தில் வந்த கோப்புகள் ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய குறியேற்றங்களில் இருந்தன, பின்னால் அவை ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. மாற்ற முடிந்ததே அவை உரையாக இருந்ததால்தான். இன்றும் எத்தனையோ தமிழ் நூல்கள் பழைய எழுத்துருக்களில் செய்த பிடிஎஃப் ஆகவே சுற்றுகின்றன. அவற்றிலிருந்து ஒரு வரியை நகலெடுத்தால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறி விழும், தேடினால் எதுவும் அகப்படாது, பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளாலும் படிக்க முடியாது. வெறும் படமாக வருடியெடுத்த நூலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தமிழ்ப் பதிப்பாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பூட்டைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் ஒருங்குறியில் இபப் கொடுங்கள்.

இன்னொன்று அகராதி. ஆங்கில நூலில் ஒரு சொல்லைத் தொட்டால் பொருள் வந்து நிற்கிறது. தமிழில் 'துய்த்திருந்தவர்களுக்கு' என்று இருந்தால், அகராதியில் 'துய்' மட்டுமே இருப்பதால் கருவி கையை விரித்துவிடுகிறது. வேற்றுமை உருபும் காலமும் இடமும் ஒட்டிய வடிவம் தலைச்சொல்லாக எந்த அகராதியிலும் இருக்காது. இதற்கு வழி இல்லாமல் இல்லை. கேஓரீடர் என்ற திறந்த மூல வாசிப்பு மென்பொருள் கிண்டிலிலும் கோபோ என்ற இன்னொரு வாசிப்புக் கருவியிலும் ஓடுகிறது, ஸ்டார்டிக்ட் வடிவ அகராதிகளை ஏற்கிறது. அந்த வடிவத்தில் திரிந்த சொற்களைத் தலைச்சொல்லோடு இணைக்கத் தனியே ஒரு துணைக்கோப்புக்கு இடம் இருக்கிறது. தமிழ் வினைகளுக்கும் பெயர்களுக்கும் உரிய வடிவங்களை நிரல் எழுதி உருவாக்கி அந்தக் கோப்பில் நிரப்பினால், எந்த நிறுவனத்தின் அனுமதிக்கும் காத்திருக்காமல் இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்துவிடலாம். நான் வினைச்சொற்களிலிருந்து தொடங்கியிருக்கிறேன். புணர்ச்சி விதிகளை நிரலாக்கிப் பழகியவர்கள் எழுதுங்கள், சேர்ந்து செய்வோம். முடிந்த வரைக்குமான கோப்பை யாரும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைக்கிறேன்.